மலைக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை

தெரணியகலையில் நின்று கைபேசியைத் திறந்து 'நேரடி மழை ராடார்' என்று நாம் பார்க்கும் படம், ராடார் எடுத்த படம் அல்ல. நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறங்கள் நகர்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் மாறுகிறது. பக்கத்து ஊர்ப் பெயர்கூடத் திரையில் இருக்கிறது. ஆனால் அந்த நிறங்களைத் தந்திருக்கக்கூடிய மழை ராடார் இலங்கையில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும், இந்தத் தீவில் இயங்கிக்கொண்டிருந்த டொப்ளர் ராடார் ஒன்றும் இல்லை.

சென்னைக்காரருக்கு இது விளங்காது. அங்கே துறைமுகப் பகுதியில் 2002 முதல் டொப்ளர் ராடார் சுழல்கிறது. வடகிழக்குப் பருவத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அதே செயலியை இரத்தினபுரியில் திறந்தாலும் அதே மாதிரியான படம் வருகிறது. நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் சரக்குதான் வேறு.

சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் இந்த வித்தியாசம் சோற்றைத் தொடும். இறப்பர் வெட்டுகிறவர்களுக்கு வேண்டியது நாளை மறுநாள் வானிலை அல்ல, அடுத்த மூன்று நான்கு மணி நேரம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவிவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்தால் சிரட்டையில் சேர்ந்த பால் கழுவிக்கொண்டு போகும். வெட்டுக்கு மேலே பொலித்தீன் மறைப்புக் கட்டாத மரங்களில், விடியற்காலை மழை என்றால் அன்றைக்குப் பேர் விழுவதே, அதாவது நாட்கூலி கிடைப்பதே, சந்தேகம். கொழுந்து பறிக்கிறவர்கள் படங்கைக் கட்டிக்கொண்டு தூறலிலும் மலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பயம் வேறு: குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு.

ராடார் இருந்தால் என்ன தெரியும் என்று முதலில் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடிய ராடார்த் திரைகளில் அடிக்கடி பெரிய மங்கல் திட்டுகள் விழுந்தன. மழைதான் அது. விமானத்தை மறைக்கும் தொல்லை என்று ராடாரை இயக்கியவர்கள் எரிச்சல்பட்டார்கள். போர் முடிந்ததும் அந்தத் தொல்லையே ஒரு துறையாகிவிட்டது. வேலை எளிமையானது. சில சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள நுண்ணலையைத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். மழைத்துளியில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரம் தூரத்தைச் சொல்லும். திரும்பியதன் வலு மழையின் கனத்தைச் சொல்லும். அலையின் அதிர்வெண்ணில் நேர்ந்த சிறு மாற்றம் துளி நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று சொல்லும். இந்தக் கடைசிப் பகுதிதான் 'டொப்ளர்'.

சிக்கல் இரண்டாவது அளவில் இருக்கிறது. எதிரொலியின் வலு துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள 64 துளிகள் சேர்ந்து தரும் எதிரொலியை இரண்டு மில்லிமீற்றர்த் துளி ஒன்றே தந்துவிடும். தண்ணீர்க் கணக்குப் பார்த்தால் அந்த 64 சிறு துளிகளில் எட்டு மடங்கு அதிகம் இருக்கிறது. ராடாருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே எதிரொலியை மழையளவாக மாற்ற, எந்த மழையில் எந்த அளவுத் துளி எத்தனை இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். கனடாவில் மார்ஷலும் பால்மரும் 1948இல் வெளியிட்ட சமன்பாடுதான் இன்றும் பல நாடுகளில் தொடக்கப் புள்ளி. அதன்படி 40 டெசிபெல் எதிரொலி என்றால் மணிக்கு சுமார் 11 மில்லிமீற்றர் மழை. வெப்பமண்டலத்துக் கடல்காற்று மழைக்கென்று பின்னர் வந்த சமன்பாட்டில் அதே 40 டெசிபெல்லைப் போட்டால் 21 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. ஒரே எதிரொலி, ஒரே நிறம், மழையோ ஏறத்தாழ இரட்டிப்பு. தென்மேற்குப் பருவத்தில் சிவனொளிபாதமலைச் சரிவில் பெய்வது இந்த இரண்டாம் சாதி மழை: சிறு துளி, எண்ணிக்கையில் ஏராளம், நிற்காமல்.

அடுத்த சங்கடம் பூமி உருண்டையாக இருப்பது. ராடார்க் கதிரைத் தரைக்கு இணையாக அனுப்பினால் மரமும் கட்டடமும் குறுக்கே வரும் என்பதால், வழக்கமாக அரைப் பாகை மேல்நோக்கி அனுப்புவார்கள். கதிர் சற்றே வளைந்தாலும் பூமி அதைவிட வேகமாகக் கீழே நழுவுகிறது. 100 கிலோமீற்றர் தூரத்தில் கதிர் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் போகும். 200 கிலோமீற்றரில் நான்கு கிலோமீற்றருக்கு மேல். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். இரத்தினபுரிக்கு அருகிலுள்ள இந்திய ராடார்கள் திருவனந்தபுரத்திலும் காரைக்காலிலும் இருக்கின்றன. இரண்டும் 430 கிலோமீற்றருக்கு அப்பால். அங்கிருந்து கதிர் இங்கே வந்து சேரும்போது 15 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். பருவமழை மேகத்தின் உச்சியையே அது தொடாது.

சொந்த ராடாருக்கு இலங்கை முயலாமல் இல்லை. தெனியாயைப் பக்கம் கொங்கல மலையில் ஒன்று அமைக்கத் திட்டம் போட்டார்கள். இடத் தேர்வு அருமை: இறக்குவானை மலைத்தொடரின் ஓர் உச்சி, இரத்தினபுரிக்கு ஐம்பது கிலோமீற்றருக்குள். அந்த ராடார் ஒருநாளும் இயங்கவில்லை. பிறகு 2017இல் ஜப்பான் நிதியுதவியில் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடார்கள் அமைக்க உடன்படிக்கையானது. 2022 கடன் நெருக்கடியில் அதுவும் தடைப்பட்டது.

அந்த இரண்டும் வந்திருந்தால் சப்ரகமுவவுக்கு என்ன கிடைத்திருக்கும்? வெறும் பெருக்கல் கணக்கிலேயே ஓரளவு சொல்லலாம். புத்தளத்திலிருந்து கேகாலை சுமார் 100 கிலோமீற்றர். கதிர் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் வரும், நல்ல பார்வை. இரத்தினபுரி 160 கிலோமீற்றர். கதிர் மூன்று கிலோமீற்றரில். மழை அங்கே பெரும்பாலும் இந்த மூன்று கிலோமீற்றருக்குக் கீழேதான் கனக்கிறது. மேலிருந்து வரும் தூறல், சரிவில் ஏறும் ஈரக்காற்றின் தாழ்ந்த மேகத்துக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் நீரையும் வாரிக்கொண்டு வருகிறது. ஆகவே புத்தள ராடார் இரத்தினபுரியின் மழையைப் பார்க்கும், குறைத்துப் பார்க்கும். பொத்துவில் கதை இன்னும் மோசம். அங்கிருந்து இரத்தினபுரிக்குக் கோடு இழுத்தால் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாகப் போகிறது. கதிர் அந்த இடத்துக்கு வரும்போது அதன் உயரம் 1,800 மீற்றர். அங்கே நிற்கும் கிரிகல்பொத்த மலையின் உயரம் 2,388 மீற்றர். கதிரை இன்னும் மேலே தூக்கினால் மலையைத் தாண்டலாம், மழையையும் சேர்த்துத் தாண்டிவிடும். மலைநாட்டில் ராடார் வைப்பது, வாங்குவதைவிடக் கடினமான காரியம்.

அப்படியானால் கைபேசியில் தெரிவது எது?

பெரும்பகுதி செய்மதி. இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதிகளில் ஒன்று 82 பாகை கிழக்கில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலே, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஜப்பானின் ஹிமவாரி கிழக்கே தொலைவிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. (பூமியோடு சேர்ந்து சுழலும் இந்தச் சுற்றுப்பாதையைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையில் ராடார் வேலை பார்த்தவர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பிலேயே காலமானார். அவர் குடியிருந்த நாட்டில் செய்மதிப் படம் தாராளமாகக் கிடைக்கிறது, ராடார் இல்லை.)

இந்தச் செய்மதிகள் இரவும் பகலும் பார்ப்பது அகச்சிவப்பில், அதாவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. குளிர்ந்த உச்சி என்றால் உயர்ந்த மேகம், உயர்ந்த மேகம் என்றால் கனமழை என்று கணினி முடிவுகட்டுகிறது. கூரைக்கு மேலே நின்று புகையை மட்டும் பார்த்து, எந்தக் காம்பராவில் என்ன சமைக்கிறார்கள் என்று சொல்வது போன்ற வேலை இது. சப்ரகமுவவில் இந்த ஊகம் இரண்டு விதமாகப் பிழைக்கிறது, இரண்டும் எதிர்எதிர்த் திசையில்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியோடு வரும் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் எழும்பி, மேலே பட்டடைக்கல் மாதிரித் தட்டையாக விரிகிறது. மழை விழுவது நடுவிலுள்ள சில கிலோமீற்றர் அகலத்தில்தான். செய்மதிக்கோ விரிந்த பகுதி முழுவதும் ஒரே குளிர். திரையில் எட்டியாந்தோட்டையிலிருந்து மாவனல்லை வரை சிவப்பு. தரையில் புளத்கொஹுபிட்டியவில் கொட்டுகிறது, றுவான்வெல்லையில் துணி காய்கிறது.

வைகாசி, ஆனியில் நடப்பது இதற்கு நேர்மாறு. தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு நேரே வந்து மலையில் மோதி ஏறுகிறது. மேகம் நாலைந்து கிலோமீற்றருக்கு மேல் வளர வேண்டிய அவசியமே இல்லை. உச்சி குளிரவும் இல்லை. செய்மதிக்கு அது சாதாரண மேகம், திரையில் வெளிர்நீலம். கீழே விடாமல் எட்டு மணி நேரம் பெய்துகொண்டிருக்கும். மண்சரிவுக்கு வழிவிடும் மழை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. படம் அமைதியாக இருக்கும் நாளில்தான் அதை அதிகம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

நுண்ணலையில் பார்க்கும் செய்மதிகள் மேகத்துக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். ராடாரையே விண்வெளிக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. 1997இல் ஏவிய டிஆர்எம்எம் செய்மதியில் ஜப்பான் செய்த மழை ராடார் இருந்தது. 2014இல் அதன் வாரிசான ஜிபிஎம் இரண்டு அலைநீள ராடாரோடு போனது. இரத்தினபுரிக்கு மேலே உண்மையான மழை ராடார் ஒன்று போகிறது என்றால் அது அதுதான். ஆனால் 245 கிலோமீற்றர் அகலப் பட்டையைப் பார்த்தபடி சில நிமிடங்களில் தீவைக் கடந்துவிடும். அடுத்து எப்போது நம்மைப் பார்க்கும் என்று காத்திருக்க வேண்டும். பல செய்மதிகளின் தரவைக் கலந்து நாசா தரும் மழைப் படத்தின் மிக விரைவான பதிப்பே சுமார் நாலு மணி நேரம் தாமதம். இறப்பர் வெட்டுகிறவருக்கு அது நேற்றைய செய்தி. இந்த இடைவெளியைச் செயலிகள் கணினி முன்னறிவிப்பை வைத்து நிரப்பிவிடுகின்றன, எங்கே கண்டது முடிந்து ஊகம் தொடங்குகிறது என்று சொல்லாமலே. அந்த மௌனம்தான் எனக்குப் பிடிக்காதது.

இனித் தரைக்கு வருவோம். மேலே சொன்ன கருவிகள் எதிலும் சேராத ஒன்று தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் நிற்கிறது: மழைமானி. காலையில் அதை அளந்து கிளாக்கர் கொப்பியில் எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். அங்குலத்தில் எழுதி, பின்னர் மில்லிமீற்றருக்கு மாறினார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைக் கணக்கில் தோட்டத்து மழைமானிகளின் பங்கு பெரியது. ஒரு பள்ளத்தாக்கில் 30 மில்லிமீற்றரும் அடுத்த டிவிசனில் 90 மில்லிமீற்றரும் பெய்யும் நாட்டில், பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு புள்ளி வைக்கும் செய்மதிப் படத்தால் அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது. கொப்பி காட்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகளும் இதே மில்லிமீற்றரில்தான். 24 மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகு. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறு. 150 மில்லிமீற்றர் என்றால் ஒரு ஹெக்டெயர் சரிவில் பதினைந்து இலட்சம் லீற்றர். அதில் ஒரு பங்கு ஓடிவிடும், மற்றது மண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்தும்.

2016 மே 17ஐக் கேகாலை மாவட்டம் மறக்காது. பின்னர் ரோனு என்று பெயர்பெற்ற புயலின் தொடக்க மழை நாள்கணக்காகப் பெய்திருந்தது. அரநாயக்கவில் சாமசர மலை உடைந்து கீழேயிருந்த கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. அடுத்த ஆண்டு மே 25, 26இல் களு கங்கைப் படுகையின் குக்குலே கங்கைப் பகுதியில் 24 மணி நேரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. கடைசி எல்லையின் மூன்று மடங்குக்கும் அதிகம்.

இப்படிப்பட்ட நாட்களில் காலைக் கொப்பியின் குறை தெரிகிறது. காலை எட்டரைக்கு ஒருமுறைதான் அளப்பது என்றால், பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கி நடுச்சாமத்துக்குள் பெய்து முடிந்த 150 மில்லிமீற்றர், எல்லாம் நடந்து முடிந்த பிறகு மறுநாள்தான் கணக்கில் ஏறும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு மாவட்டங்களில் நட்டிருக்கும் தானியங்கி மழைமானிகள் இதற்காகத்தான். சிறு வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை கைபேசி வலையமைப்பு வழியாகப் போய்ச் சேரும். அது இல்லாத மலையில், நேரான சுவருள்ள எந்தப் பாத்திரமும் அளவுகோலும் போதும். திறந்த வெளியில் வைத்து, மழைநாளில் இருட்டுமுன் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை பார்த்தால், அந்த இரண்டு வேளைக்கும் இடையே எவ்வளவு என்பது கையில் இருக்கும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கண் உண்டு. களு கங்கைக்கு இரத்தினபுரியிலும், களனி கங்கைப் பக்கம் கித்துல்கல, தெரணியகலை, கிளென்கோர்ஸ் போன்ற இடங்களிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டம் பார்க்கிறது. இரத்தினபுரியில் 7.5 மீற்றர் சிறு வெள்ளம், 9.5 மீற்றர் பெருவெள்ளம். மேலே மலையில் பெய்தது எவ்வளவு என்பதை ஆறு கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். ஆனால் சொல்லும்போது தண்ணீர் ஏற்கெனவே பஸாரை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

ஆக, ராடார் இல்லாத ஊரில் மழையைத் தொடர்வதற்கு ஒரு முறை உண்டு. செய்மதிப் படத்தில் நிறத்தை விடுத்து நகர்வைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று நான்கு படங்களில் மேகத்திரள் இடம் மாறினால் அது இடிமழை. ஒரு திரளின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். திசையும் வேகமும் பார்த்து அடுத்த அரை மணி நேரத்தைச் சொல்லலாம், அதற்கு மேல் சொல்வது சோதிடம். மேகம் நகர்ந்துகொண்டே இருந்தும் மழை அதே சரிவை விட்டு நகரவில்லை என்றால் அது மலை பிடித்துவைத்திருக்கும் மழை. காற்றுத் திசை மாறும்வரை விடாது. அந்த நாளில் திரையை அணைத்துவிட்டு மழைமானியைப் பார்ப்பதே உத்தமம்.

ஆனால் அந்தத் திரைக்குப் படம் கொண்டுவரும் கோபுரத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். மலையுச்சியிலுள்ள தொலைபேசிக் கோபுரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் நுண்ணலையில்தான், மழை ராடாரின் அலைநீளத்துக்குப் பக்கத்தில். இடையில் மழை பெய்தால் சமிக்ஞை மெலிகிறது. எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்தால், அந்தப் பாதையில் எவ்வளவு மழை என்று கணக்குப் போடலாம். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2006இல் இதைக் காட்டினார்கள். இலங்கையிலும் நடந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோபுர இணைப்புகளின் 2019 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரையான பதிவுகளை எடுத்து, தீவின் மழைப் படத்தை வரைந்து, தரையிலுள்ள மழைமானிகளோடும் ஜிபிஎம் செய்மதியின் ராடாரோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முறை வேலை செய்தது.

தோட்டப்புறத்தில் கோபுரங்கள் கொழும்பைப் போல நெருக்கமாக இல்லை. ஆனால் இருப்பவை உச்சியிலிருந்து உச்சிக்குப் பள்ளத்தாக்கின் குறுக்கே பேசுகின்றன. புத்தளத்துக் கதிர் மூன்று கிலோமீற்றர் உயரத்தில் தவறவிடக்கூடிய அந்தத் தாழ்ந்த மழைக்குள்ளேயே அவற்றின் கதிர் போகிறது. சமிக்ஞையின் வலு தொலைபேசி நிறுவனங்களின் கணினிகளில் பராமரிப்புக்காக எப்படியும் பதிவாகிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கோபுரம் கட்ட வேண்டியதில்லை. 2019 மழையின் கணக்கு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது 2021இல். களுபஹன மாதிரியான ஒரு லயத்துக்கு அது கால் மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.